கோச்சி ரோட்டில் மிதிவண்டி

நானுஓயா ஸ்டேஷனில் இறங்குகிற சுற்றுலாப் பயணிகள் யாரும் அங்கே நின்று சுற்றிப் பார்ப்பதில்லை. வேன் பிடிக்க வேண்டும், த்ரீவீலர்காரரோடு பேரம் பேச வேண்டும், மழைக்கு முன் நுவரெலியா போய்ச் சேர வேண்டும். கொழும்பு - பதுளைப் பாதை நுவரெலியாவுக்குள் நுழையாமல் பட்டிப்பொல, ஹப்புத்தளைப் பக்கம் திரும்பிவிடுவதால் வந்த ஓட்டம் இது. ஒரு காலத்தில் இந்த ஓட்டத்துக்குத் தேவை இருக்கவில்லை. பெரிய கோச்சியிலிருந்து (மலையகத்தில் ரயிலுக்கு அதுதான் பெயர்) இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போக, அதே ஸ்டேஷனில் சின்னக் கோச்சி ஒன்று நின்றது.

நானுஓயாவில் கிளம்பி பிளக்பூல், நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை 19 மைல். 1903 டிசம்பரில் நுவரெலியா வரைக்கும், அடுத்த ஆண்டு இராகலை வரைக்கும் ஓடத் தொடங்கியது. அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் உடபுசல்லாவை ரயில் பாதை. ஊர்ப் பெயரைச் சுமந்ததோடு சரி, உடபுசல்லாவையை அது கடைசிவரை தொடவே இல்லை. 1940இல் பயணிகள் ரயில் நின்றது. 1948இல் பாதையையே மூடினார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டுவிட்டது. மிஞ்சியது மலையின் இடுப்பை வெட்டிச் சமன் செய்த ஒரு தடம் மட்டும். சில இடங்களில் அது வாகன ரோடு, சில இடங்களில் தேயிலைக்கு நடுவே போகும் தோட்டப் பாதை, சில இடங்களில் கோவாவும் லீக்ஸும் விளையும் பாத்தி.

இந்தத் தடத்தை இப்போது கிளறக் காரணம் உண்டு. கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் மிதிவண்டி விட்டுக் காசு பார்ப்பது உலகின் பல மூலைகளில் நல்ல தொழிலாகிவிட்டது. ரயில் பைக் என்பது இதுதான்: இரும்புச் சட்டம், நான்கு ரயில் சக்கரங்கள், இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே பெடல். ஸ்டியரிங் கிடையாது, வேண்டியதும் இல்லை. போகும் திசையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். மிதிப்பதும் வேடிக்கை பார்ப்பதும்தான் பயணியின் வேலை. பிரான்ஸில் மட்டும் இப்படி 50க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஜேர்மனியிலும் சுவீடனிலும் குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நோர்வேயில் 1990இல் மூடிய பிளெக்கெபியோர்ட் கிளைப் பாதையில் சுரங்கங்களுக்குள் விளக்கு மாட்டிக்கொண்டு மிதித்துப் போகலாம். மலையும் பனிமூட்டமும் தேயிலையும் ரயில் வரலாறும் ஒன்றாகக் கிடக்கிற நம் மலையகத்தில் இதைச் செய்தால் என்ன என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் படம் எடுக்க உயிரைப் பணயம் வைக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் வேகமாகத் தோன்றும்.

எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்படுவதற்கு முன் அந்தத் தடம் என்ன மாதிரியானது, அதன் மேல் யார் நடக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

24 அடிக்கு ஓர் அடி

கொழும்பிலிருந்து ஏறிவரும் மேல்நாட்டுப் பாதை கோப்பிக்காகத் தொடங்கி தேயிலைக்காக முடிந்த பாதை. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. கண்டிக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட அந்த 17 ஆண்டுகளுக்குள் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்துவிட, ரயில் மேலே ஏறி வந்து சேர்ந்தபோது அதற்காகக் காத்திருந்தது தேயிலைப் பெட்டி. நானுஓயா கடல் மட்டத்திலிருந்து 1,613 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். இடையில் 255 மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு அப்பால், கந்தப்பளை, இராகலைப் பக்கத்தில் பெரிய பெரிய தோட்டங்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் இறங்கிய தேயிலையை ரயிலில் இறக்க வேண்டும் என்று தோட்டத் துரைமார் கேட்டார்கள், கிடைத்தது.

கிடைத்தது அகலப் பாதை அல்ல. பிரதான பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குலம். இங்கே 2 அடி 6 அங்குலம், பாதிக்கும் குறைவு. அகலத்தைக் குறைத்தால் மலையை வெட்டுகிற செலவு குறையும், வளைவுகளை இறுக்கிப் போடலாம். எவ்வளவு இறுக்கம் என்றால் சில வளைவுகளின் ஆரம் வெறும் 80 அடி. பிரதான பாதையில் மிக இறுக்கமான வளைவே 330 அடி. ஏற்றமும் அப்படித்தான். நாவலப்பிட்டிக்கு மேலே இரட்டை என்ஜின் பூட்டி மூச்சிரைக்க ஏறுகிற அந்தப் பாதையில் 44 அடி போனால் ஓர் அடி உயரும். சின்னக் கோச்சிக்கு 24 அடிக்கே ஓர் அடி. அதற்கென்றே மான்செஸ்டரின் பேயர் பீக்கொக் நிறுவனத்திடமிருந்து 1929இல் கராட் வகை என்ஜின் ஒன்று வந்தது. நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பக்கூடிய சக்கரத் தொகுதிகள். உடலை மடக்கி வளைவில் புகுந்து வெளியே வரும்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் ஒரு சாபம் இருந்தது. இராகலையில் ஏற்றிய பெட்டி கொழும்புக்கு நேரே போகாது. நானுஓயாவில் சின்ன வண்டியிலிருந்து இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். மேலே போகும் அரிசிக்கும் உரத்துக்கும் அதே கதை, எதிர்த் திசையில். ஒவ்வொரு மூட்டையும் ஓர் ஆளின் முதுகில் ஒருமுறை ஏறி இறங்கியாக வேண்டும். லொறி வந்ததும் இந்தக் கணக்கு உடைந்தது. தொழிற்சாலை வாசலில் ஏற்றி கொழும்புத் துறைமுகத்தில் இறக்குகிற வாகனத்தோடு 2 அடி 6 அங்குலம் போட்டி போட முடியவில்லை. இதே அகலத்தில் ஓடிய களனிப் பள்ளத்தாக்குப் பாதை கொழும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தது, 1990களில் அகலப் பாதையாகவும் மாறியது. அதிலிருந்து பிரிந்த யட்டியாந்தோட்டைக் கிளையும் இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க போன கிளையும் தப்பவில்லை.

சின்னக் கோச்சியின் காலத்தைக் கண்ணால் காண வேண்டும் என்றால் கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போய்க் குறுகிய பாதை என்ஜின்களைத் தொட்டுப் பார்க்கலாம். கந்தப்பளையிலேயே வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஆடம்பர ஹோட்டலாக மாற்றினார்கள். அதன் வளவில் பழைய ரயில் பெட்டியொன்றைப் பளபளப்பாக்கி உணவகமாக வைத்திருக்கிறார்கள். மேசை விரிப்பு, மெழுகுவர்த்தி, மேலைநாட்டு விருந்து எல்லாம் உண்டு. அந்த மலையில் இன்றைக்குச் சக்கரத்தோடு நிற்கிற ரயில் வண்டி அதுதான். அது ஓடுவதில்லை.

யார் தள்ளுவது?

ரயில் பைக்கை முதலில் ஓட்டியவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல. பாதையைப் பார்வையிடுகிற வேலை ரயிலின் வயதே உள்ள வேலை. கையால் பம்ப் அடிக்கிறது, காலால் மிதிக்கிறது, ஆள் வைத்துத் தள்ளுகிறது என்று அதற்கு விதவிதமாக வண்டிகள் இருந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் நிலைத்தது தள்ளுகிற டிரொலி. அதிகாரி குடை நிழலில் மர இருக்கையில் உட்கார்ந்து வருவார். இரண்டு பேரோ நான்கு பேரோ தண்டவாளத்தின் மேலேயே ஓடிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவார்கள். இறக்கம் வந்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். நான்கு விரல் அகல இரும்பின் மேல் கால் தவறாமல் ஓடுவது வித்தை. அந்த வித்தைக்குக் கைதட்டல் கிடைத்ததில்லை, நாட்சம்பளம்தான் கிடைத்தது. 2020இல்கூட இந்திய ரயில்வேயில் ஒரு சாதாரண சைக்கிளில் பக்கவாட்டுக் கம்பியும் சின்னச் சக்கரங்களும் பொருத்தித் தண்டவாளச் சோதனைக்கு விட்டுப் பார்த்தார்கள். ஊழியரே மிதித்து ஊழியரே பார்ப்பது. குறைந்தபட்சம் தள்ளுகிறவர் தனி, உட்காருகிறவர் தனி என்பது அதில் இல்லை.

மலையகத்தின் போக்குவரத்து வரலாறு முழுக்க இந்தப் பிரிவினைதான். ஒருவர் உட்காருவார், இன்னொருவர் சுமப்பார். துரைசாணியின் பெட்டி ஒரு தலையில், கொழுந்துக் கூடை இன்னொரு தலையில். தண்டவாளம் போட மலையை வெட்டியவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்கள் வெட்டிய பாதையில் அவர்கள் உட்கார்ந்து போனது அபூர்வம். இந்தக் கோணத்தில் பார்த்தால் ரயில் பைக்கில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. காட்சி வேண்டும் என்கிறவரே மிதிக்க வேண்டும். வியர்வை சீட்டு வாங்கியவரின் சொந்தச் செலவு.

ஆனால் 24 அடிக்கு ஓர் அடி அந்த நியாயத்தைக் கொஞ்சம் கெடுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் நான்கு பேரும் சேர்ந்து 500 கிலோ என்று வையுங்கள். சமதளத்தில், இரும்பின் மேல் இரும்பு உருளும்போது, அதை நகர்த்த ஏறத்தாழ 1 கிலோவைத் தூக்குகிற விசை போதும். அதனால்தான் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே மிதிக்கிறார்கள். 24க்கு 1 ஏற்றத்தில் அதோடு இன்னும் 21 கிலோ சேர்ந்துகொள்ளும். இருபது மடங்குக்கு மேல். தென்னிந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், காலையில் இடியப்பம் சாப்பிட்ட தெம்போடு, கடல் மட்டத்துக்கு மேலே 1,800 மீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு இதை மிதிக்காது. ஐந்து நிமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ள ஆள் கேட்கும். தள்ள வருகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறக்கம் இன்னும் மோசம். மிதிக்காமலே வேகம் பிடிக்கும். நனைந்த தண்டவாளத்தில் பிரேக் வழுக்கும். நுவரெலியாவில் தண்டவாளம் நனையாத நாள் குறைவு. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாது.

தீர்வு இல்லாமல் இல்லை. தென்கொரியாவின் ஜியோங்சொன் நம் கதைக்கு மிக நெருங்கிய உதாரணம். அது நிலக்கரி மலை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடியதும் ஊர் காலியானது, கிளை ரயிலில் ஏற ஆளில்லாமல் போனது. 2004இல் அந்தக் கிளையின் கடைசித் துண்டை மூடினார்கள். 2005இல் அதே தண்டவாளத்தில் ரயில் பைக் விட்டார்கள். கூஜொல்ரியிலிருந்து அவுராஜி வரை 7.2 கிலோமீட்டர், பெரும்பாலும் இறங்குமுகம். மிதிப்பது பாதி, உருள்வது பாதி. கீழே போய்ச் சேர்ந்ததும் பயணிகளையும் வண்டிகளையும் ஓர் என்ஜின் மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய ரெயில் எக்ஸ்புளோரர்ஸ் நிறுவனம் பெடலுக்குத் துணையாகச் சிறிய மின்மோட்டார் வைத்திருக்கிறது. ஆக, இறக்கமாகப் பார்த்து ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, வண்டிக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற பிரேக்காரர் ஒருவரை உட்கார வைத்து, மழை வந்தால் நிறுத்திவிடுவது என்று விதி செய்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

ஜியோங்சொனுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம், அவர்கள் மூடிய மறு ஆண்டே வண்டி விட்டார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் கிடந்தது. நம் நாட்டில் ரயில் நின்றால் இரும்பு நிற்பதில்லை. வடக்கில் யுத்த காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வர 2014 ஆனது. இராகலைப் பாதையில் இரும்பு போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கே பழைய பாதையில் ரயில் பைக் என்றால் பழைய தடத்தில் புதுத் தண்டவாளம் என்று பொருள். 19 மைலும் யாரும் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த பதுளைப் பாதையே பல இடங்களில் அறுந்துபோனதைப் பார்த்த பிறகு, சரிவில் புதிதாக இரும்பு போடுகிறவர்கள் முதலில் கானு வெட்டுவார்கள். கந்தப்பளைக்கும் இராகலைக்கும் இடையில், வாகன ரோடு விழுங்காத ஓரிடத்தில், 3 அல்லது 4 கிலோமீட்டர் போதும்.

ஆளில்லாத பாதை அல்ல

கைவிடப்பட்ட பாதை என்கிறோம். கைவிட்டது ரயில்வே. மக்கள் விடவில்லை.

இது புரிய, தோட்டம் என்றால் என்னவாக இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களம், லயம், ஸ்டோர், மருந்துக் காம்பிரா, கோயில், சுடுகாடு எல்லாம் ஒரே எல்லைக்குள். எல்லை முழுக்கத் துரையின் ஆட்சி. அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். 1920களிலும் 30களிலும் தொழிற்சங்கம் கட்ட வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படிப்பட்ட நிலத்தின் குறுக்கே போன கோச்சி ரோடு அரசாங்கத்தின் சொத்து. துரை அதில் கேட் போட முடியாது. கங்காணி அதில் நிற்பவனை ஏன் நிற்கிறாய் என்று கேட்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவதும், சம்பளத்துக்கு மறுநாள் டவுனுக்குப் போவதும், பள்ளிக்கூடம் போவதும் தண்டவாளத்தை ஒட்டித்தான். பிரதான பாதையில் இன்றைக்கும் வட்டகொடைக்கும் கொட்டகலைக்கும் இடையே காலையில் பாருங்கள்: வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டு நடக்கிறார்கள். கொழுந்து மூட்டையோடு பெண்கள் கோச்சிச் சத்தம் கேட்டு ஒதுங்கி நின்று, போனதும் நடையைத் தொடர்கிறார்கள். சின்னக் கோச்சியின் தடத்தில் இரும்பு போனதில் அந்த நடைக்கு நன்மைதான், ஒதுங்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

இராகலைப் பாதையை மூடிய 1948ஐத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது, நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கியது. லாபம் தராத ஒரு கிளைப் பாதையை மூடுவதற்கும் ஒரு சமூகத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பதற்கும் தொடர்பில்லை. ஒரே ஆண்டில் நடந்தன, அவ்வளவுதான். ஆனாலும் இராகலையில் அந்த ஆண்டைக் கண்டவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே நினைவில் நின்றிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அதன் பிறகு கோச்சி என்ற சொல்லே மலையகத்தில் வேறு கனம் பெற்றது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அக்கா அங்கே, தம்பி இங்கே. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் தகரப் பெட்டியோடும் அம்மிக்கல்லோடும் ஏறியவர்கள் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறைக்குப் போய்க் கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் எழுந்த அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மு. சிவலிங்கம் தம் கதைத் தொகுதிக்கே அந்தப் பெயரை வைத்தார். அக்கரையில் மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்குப் போய், கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் மறுபடி கூடை மாட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். இங்கே எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே மலையகத்தில் ரயில் தடத்தை வெறும் காட்சியாக விற்க வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாக வர வேண்டும். விளம்பரப் படத்தில் பச்சை மலை, பனிமூட்டம், சிரிக்கிற வெளிநாட்டு ஜோடி, பின்னணியில் மங்கலாகக் கூடையோடு ஒரு பெண் என்று வருமானால், அந்தப் பெண்ணின் பாட்டி எந்த ஸ்டேஷனில் யாரை வழியனுப்பினாள் என்பது படத்துக்கு வெளியே போய்விடும்.

மூணாறின் கதை, கந்தப்பளையின் சந்தர்ப்பம்

நினைவை மட்டும் விற்றால் என்ன ஆகும் என்று பார்க்க நமக்குக் கேரளத்தின் மூணாறு இருக்கிறது. அதுவும் தமிழ்த் தொழிலாளர்கள் எழுப்பிய தேயிலை மலை. 1902இல் அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடியது; 1908இல் அது 2 அடி அகல நீராவி ரயிலாக மாறி டாப் ஸ்டேஷன் வரை தேயிலை சுமந்தது. அங்கிருந்து கயிற்றுப் பாதையில் போடிநாயக்கனூர்ப் பக்கம் பெட்டிகள் இறங்கின. 1924 பெருவெள்ளம் ஒரே மூச்சில் அனைத்தையும் கொண்டுபோனது. நூறாண்டு ஆகியும் மூணாறு ரயிலை மீட்போம் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும். டாப் ஸ்டேஷனில் இன்று ஸ்டேஷன் இல்லை. வியூபாயிண்ட் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஜீப் இருக்கிறது.

நம் பக்கம் ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே கிடக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல, உடபுசல்லாவை, கந்தப்பளை என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். புதிதாக எதையும் கட்டாமல் தோட்டப் பாதைகளையும் பழைய தடங்களையும் தைத்து உண்டாக்கிய பாதை. நடப்பவர் தேநீர் குடிப்பது லயத்து வீட்டுத் திண்ணையில், தங்குவது வழியில் கிடைக்கிற வீட்டில். காசு சிறிதாக இருந்தாலும் இடைத்தரகரிடம் நிற்காமல் ஊருக்குள் விழுகிறது. ரயில் பைக் அப்படி இருக்காது. தண்டவாளம் போட முதல் வேண்டும். முதல் போட்டவர் வேலி போடுவார். வேலி போட்டால் பிள்ளைகள் சுற்றி நடக்க வேண்டும்.

நிலமும் சிக்கல்தான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, நிலம் குத்தகைக்கு. இடையில் ரயில்வே ஒதுக்கு நிலம், பிரதேச சபை ரோடு, மரக்கறிப் பாத்தி போட்டு வாழ்கிற குடும்பங்கள். ஒரு 4 கிலோமீட்டருக்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று நினைத்தாலே முதலீட்டாளர் எல்லவுக்கு ஓடிவிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. பெரிய முதலீட்டாளர் ஓடினால் இடம் சின்ன ஆட்களுக்குக் கிடைக்கும். கந்தப்பளை, இராகலைப் பக்கத் தோட்டங்களில் உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் புடவைக்கடையிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கிற பையன்கள் ஏராளம். வெல்டிங் தெரிந்தவர்கள், மோட்டார் சைக்கிளைக் கண்ணை மூடிக் கழற்றிப் பூட்டுகிறவர்கள். ஒரு ரயில் பைக் வண்டி அவர்களுக்கு மீறிய இயந்திரம் அல்ல. கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, வண்டியும் சீட்டும் பிரேக்கும் அவர்கள் கையில் இருக்கட்டும். வழிகாட்டியாக உட்காருகிறவருக்கு இரண்டு மொழி தெரிந்திருக்கும், மூன்றாவதாக ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்றுக்கொள்வார் என்று சொன்னால் மிகையில்லை, எல்லவில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது, அதுவும் எத்தனையோ ஆண்டு இழுபறிக்குப் பிறகு. வண்டியில் ஒருவருக்கான சீட்டு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் எந்தப் பையில் விழுகிறது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

எழுத வேண்டிய வேறு சில்லறை விஷயங்களும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. தென்மேற்குப் பருவம் அடிக்கிற ஜூன், ஜூலையில் வண்டியைக் கொட்டகைக்குள் வைத்துப் பழுது பார்க்கலாம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா ஊரே நெரிசலில் திணறும். அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கைக் கந்தப்பளைப் பக்கம் திருப்பினால் கிரகரி வாவிக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். குளவிக் கூட்டைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி மாதாமாதம் வருகிறது, சுற்றுலாப் பயணியைக் குளவி தனியாக அடையாளம் கண்டு மரியாதை செய்யாது. தண்டவாளத்தின் ஓரமாக ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு நடைபாதை விட வேண்டும், அதற்குச் சீட்டும் வேலியும் கூடாது. காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை வண்டி ஓடக் கூடாது. அது ஆட்கள் பிரட்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போகிற நேரம். எப்படியும் நுவரெலியாக் குளிரில் சுற்றுலாப் பயணிகள் 9 மணிக்கு முன் போர்வையை விட்டு வெளியே வரப் போவதில்லை.